சூனியக் குற்றம் சுமந்த எலிசபெத்தை லயத்துக்குக் கொண்டுவரலாமா?

கொட்டகலை ஆசிரியை எழுதியது:

வணக்கம். இலங்கை மலையகத்தில் கொட்டகலைக்கு அண்மையிலுள்ள பாடசாலையொன்றில் தமிழும் நாடகமும் கற்பிக்கிறேன். தமிழ்மொழித் தினப் போட்டிக்காகத் தரம் 11 மாணவிகள் ஒரு குறுநாடகம் எழுதி வருகிறார்கள். கருவைத் தெரிவுசெய்தவர்களும் அவர்களே. அமெரிக்காவின் மசசூசெட்ஸ் ஆங்கிலேயக் குடியேற்றமாக இருந்த காலத்தில், 1692ஆம் ஆண்டு சூனியக் குற்றம் சாட்டப்பட்ட எலிசபெத் ஜோன்சன் என்ற 22 வயதுப் பெண்ணின் பெயரை, 2022இல் ஒரு பாடசாலைப் பிள்ளைகள் முயன்று குற்றத்திலிருந்து விடுவித்தார்கள் என்ற செய்தியை ஒருத்தி வாசித்துவிட்டு வந்து வகுப்பில் சொன்னாள். தம் வயதுப் பிள்ளைகள் சட்டசபை வரை போயிருக்கிறார்கள் என்பதுதான் அவர்கள் மனத்தில் பதிந்துவிட்டது.

இப்போது அவர்கள் கதையை 1890களில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) நடப்பதாக மாற்ற விரும்புகிறார்கள். எலிசபெத்துக்குப் பதிலாகக் கொழுந்து பறிக்கும் ஓர் இளம்பெண், நீதிபதிக்குப் பதிலாகத் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை, சாட்சி சொல்லக் கங்காணி, கடைசிக் காட்சியில், தொழிலாளர் காலையில் ஆள்கணக்குக்காகக் கூடும் பிரட்டுக்களத்தில் மூட்டிய தீ. மேடையில் பார்ப்பதற்கு எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால், நம் தோட்டங்களில் இப்படி ஒன்று நடந்திருக்கக்கூடுமா என்று நடுவர் கேட்டால் என்ன பதில் சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை. பேய் ஓட்டியதைச் சிறுவயதில் நானும் பார்த்திருக்கிறேன். ஆனால், ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று நிறுத்தி விசாரித்ததாக என் வீட்டுப் பெரியவர்கள் எவரும் சொன்னதில்லை. வரலாறு அறிந்தவர்களும், பழைய தோட்ட வாழ்வை நேரில் கண்டவர்களும் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன். 'சூனியக்காரி' என்ற சொல்லையே பயன்படுத்தலாமா என்பதும் என் ஐயங்களில் ஒன்று.


ஏட்டுச்சுருள் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு, முதலில் அந்தத் தீயை அணைத்துவிடுங்கள். எலிசபெத் சிக்கிய அந்த 1692ஆம் ஆண்டுச் சூனிய வழக்குகளை மசசூசெட்ஸின் சேலம் என்ற ஊரின் பெயரால் சேலம் வழக்குகள் என்பார்கள்; அவற்றில் எவரும் எரிக்கப்படவில்லை. எரித்துக் கொல்வது ஐரோப்பியப் பெருநிலத்தில் இருந்த வழக்கம். ஆங்கிலச் சட்டத்தில் சூனியத்துக்குரிய தண்டனை தூக்கு. 1692 ஜூன் 10 முதல் செப்டெம்பர் 22 வரை 14 பெண்களும் 5 ஆண்களும் தூக்கிலிடப்பட்டார்கள். விசாரணைக்கு உட்பட மறுத்த ஜைல்ஸ் கோரி என்ற முதியவர், மார்பின்மேல் பாரம் ஏற்றப்பட்டு இறந்தார். குறைந்தது ஐவர் சிறையிலேயே மடிந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களின் தொகை 150க்கும் மேல். (நம் பக்கத்திலிருந்து வாசிப்பவர்கள் தமிழ்நாட்டுச் சேலம் மாவட்டத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், என் தம்பி ஒரு வாரம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தான்.)

எலிசபெத்தின் ஊர் சேலத்துக்கு அயலிலுள்ள ஆன்டோவர். அவருடைய தாத்தா பிரான்சிஸ் டேன் அவ்வூரின் மதகுரு. தம் பேத்தி சற்று அறிவு முதிராதவள் என்று அவரே எழுதிக்கொடுத்திருக்கிறார். 1692 ஓகஸ்டில் விசாரித்தபோது எலிசபெத் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சாத்தானிடம் திருமுழுக்குப் பெற்றதாகச் சொன்னார். பிறரை வருத்துவதற்காகத் துணித்துண்டுகளால் செய்த பாவைகள் என்று சிலவற்றை எடுத்தும் கொடுத்தார். ஏன் ஒப்புக்கொண்டார் என்பதைப் புரிந்துகொள்ள அந்த நீதிமன்றத்தின் விசித்திர நடைமுறையை அறிய வேண்டும். ஒப்புக்கொண்டு, அந்த வாக்குமூலத்தில் நிலைத்து நின்றவர்களை அது தூக்கிலிடவில்லை. "நான் குற்றமற்றவள்" என்று கடைசி வரை சொன்னவர்களே தூக்குமரம் ஏறினார்கள். உயிர் பிழைக்க வேண்டுமானால் பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். உண்மை பேசினால் கயிறு.

அந்தப் பொய்யே பின்னர் அவரைத் திருப்பித் தாக்கியது. குற்றம் சாட்டப்பட்டவரின் ஆவியுருவம் வந்து என்னைக் கிள்ளியது, கழுத்தை நெரித்தது என்று பாதிக்கப்பட்டோர் சொன்னதைச் சாட்சியமாக ஏற்ற அந்த நீதிமன்றத்தை, ஆளுநர் வில்லியம் பிப்ஸ் 1692 ஒக்டோபரில் கலைத்தார். 1693 ஜனவரியில் கூடிய புதிய நீதிமன்றம் ஆவியுருவச் சாட்சியத்தை ஒதுக்கியதால் பெரும்பாலானோர் விடுதலையானார்கள். ஆனால் எலிசபெத்துக்கு எதிராக அவருடைய வாக்குமூலமே இருந்தது. மூன்று பெண்கள் மட்டும் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டார்கள். அவர்களில் இவரும் ஒருவர். ஆளுநர் தண்டனையை நிறுத்திவைத்ததால் உயிர் தப்பினார். தப்பினாரேயொழிய, தீர்ப்பு அப்படியே இருந்தது.

1711இல் அரசாங்கம் பலருடைய தண்டனையை நீக்கி இழப்பீடும் வழங்கியபோது அந்தப் பட்டியலில் எலிசபெத் இல்லை. மறு ஆண்டு தாமே மனுக் கொடுத்தார், பயன் இல்லை. மணம் முடிக்காமலே 1747இல், 77 வயதில் காலமானார். 1957இலும் 2001இலும் மீண்டும் சட்டங்கள் வந்தன. இரண்டு முறையும் அவர் பெயர் விடுபட்டது. மற்றவர்களுக்காகப் பேசுவதற்குப் பேரன் பேத்தி வழி வந்தவர்கள் இருந்தார்கள். இவருக்குச் சந்ததியே இல்லை. முன்பு அதே ஆன்டோவரின் பகுதியாக இருந்த நோர்த் ஆன்டோவரின் பாடசாலையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பழைய ஆவணங்களைத் துருவி, செனட்டர் டயானா டிசோக்லியோ வழியாகச் சட்டசபைக்கு எடுத்துச் சென்றதால், 2022 ஜூலையில் மாநில வரவுசெலவுத் திட்டச் சட்டத்தோடு சேர்த்து அவர் விடுவிக்கப்பட்டார்.

என் கருத்தில், மாணவிகள் இந்தக் கதையை எந்தத் தோட்டத்துக்கும் மாற்றத் தேவையில்லை. ஆன்டோவரிலேயே வைத்து எழுதினாலும் கதை தன் காலில் நிற்கும்.


தொங்கல் காம்பரா எழுதியது:

ஏட்டுச்சுருள் தம்பி சொன்ன வரலாறு சரி; முடிவில் மட்டும் நான் உடன்படவில்லை. மாணவிகள் தங்கள் லயத்துக்குள் அந்தப் பெண்ணைத் தேடுவதில் தவறில்லை. தேடும் இடம்தான் தவறு. நான் மஸ்கெலியாப் பக்கத்தில் பிறந்து, நாற்பது ஆண்டுகள் தோட்டக் காரியாலயங்களில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன்.

ஆசிரியை அம்மா குறிப்பிட்ட பேய் ஓட்டும் சடங்கில் பெண் குற்றவாளி அல்லள். கோடாங்கி உடுக்கையடித்து "நீ யார், எங்கே பிடித்தாய்?" என்று கேட்கும்போது, பதில் சொல்வது அவளுக்குள் புகுந்த வேறொன்று, பெரும்பாலும் தூக்கு மாட்டிக்கொண்டோ பிள்ளைப்பேற்றிலோ அகாலமாக இறந்த எவளோ ஒருத்தி. அது கேட்ட சேவலையோ சேலையையோ கொடுத்து, பிடித்தவளின் உச்சிமயிரில் ஒரு கற்றையை மரத்தில் ஆணியடித்துவிட்டால் மறுநாள் அவள் கொழுந்தெடுக்க மலைக்குப் போவாள். அவள்மேல் பழி இல்லை. செய்வினை, ஏவல் என்று வந்தால் பழி பெரும்பாலும் காசு வாங்கிக்கொண்டு செய்யும் மந்திரவாதிமீதோ, அக்கம்பக்கத்துச் சிங்களக் கிராமத்துக் கட்டாடியா என்ற பேயோட்டிமீதோ போய்ச் சேரும். அவர்கள் ஆண்கள், அவர்களுக்கு எல்லோரும் பயப்படுவார்கள், மரியாதையும் கொடுப்பார்கள்.

இளம்பெண்ணின் தலையில் விழும் பழிக்குப் பெயர் வேறு: மருந்து. "மருந்து வைத்துவிட்டாள்", "இடுமருந்து போட்டு மயக்கிவிட்டாள்." சோற்றிலோ தேநீரிலோ எதையோ கலந்து, கணவனைத் தாய்வீட்டிலிருந்து பிரித்தாள், அல்லது மூத்தாள் பிள்ளையை உருக்குலைத்தாள் என்பார்கள். இதற்கு மந்திரம் கற்றிருக்கத் தேவையில்லை. அடுப்படி இருந்தால் போதும். ஆகையால் எந்த மருமகள்மீதும் சொல்லலாம்.

என் அம்மாயி (அம்மாவின் அம்மா) சொன்ன ஒரு கதையைச் சொல்கிறேன். அவர் ஏழெட்டு வயதுச் சிறுமியாக இருந்தபோது, அவர்களுடைய லயத்தின் தொங்கல் காம்பராவுக்கு, அதாவது கடைசி அறைக்கு, இரண்டாந்தாரமாக ஓர் இளம்பெண் வந்தாள். மூத்தாளின் பையன் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு போனான். அம்மாயியின் வார்த்தையில் சொன்னால், "கண்ணு வெளுத்து, மொகம் ஊதி, மண்ண அள்ளித் தின்னுக்கிட்டுக் கெடந்துச்சு." அந்தப் பெண் ஆற்றோரத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும் பறிப்பதை யாரோ பார்த்தார்கள். அவ்வளவுதான் சாட்சியம். மருந்தெடுப்பவர் ஒருவரை அழைத்துவந்து பையனுக்கு எதையோ குடிக்கக் கொடுத்து வாந்தியெடுக்க வைத்தார்கள். வாந்தியில் மயிர் சுற்றிய உருண்டையொன்றை அவர் எடுத்துக் காட்டினார். அதன் பிறகு விசாரணை ஏது? தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அவள் குடத்தை வைத்தால் மற்றப் பெண்கள் தங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டார்கள். தேயிலை நிரையில் அவளுக்கு அடுத்து நின்று கொழுந்தெடுக்க எவரும் சம்மதிக்கவில்லை. கங்காணி அவளைத் தனியாகப் புல்வெட்டுக்கு அனுப்பினார். ஒருநாள் விடியற்காலையில் அந்தக் காம்பரா திறந்து கிடந்தது. பையனையும் தூக்கிக்கொண்டு மூவரும் போய்விட்டிருந்தார்கள்.

அந்தப் பையனின் நோய் என்னவென்று எனக்கு உறுதியாகத் தெரியும் என்று சொல்லமாட்டேன். ஆனால் வெளிறிய கண், வீங்கிய முகம், மண் தின்னும் பழக்கம் எல்லாம் கொக்கிப்புழுவால் வரும் இரத்தசோகையின் அடையாளங்கள். அந்தக் காலத்தில் தோட்டங்களில் அந்த நோய் எந்த அளவுக்கு மலிந்திருந்தது என்றால், 1916இல் ரொக்ஃபெல்லர் அறநிலையம் அதற்கெதிரான இயக்கமொன்றை மாத்தளைப் பக்கத்தில் தொடங்க வேண்டியிருந்தது. பிற்பாடு தங்கள் தோட்டத்திலும் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, நாற்றமடிக்கும் ஓர் எண்ணெயைப் புழு மருந்தாகக் கொடுத்ததை அம்மாயி மூக்கைச் சுளித்துக்கொண்டே சொல்வார். மருந்து வைத்தாள் என்று ஒருத்தியைத் துரத்திய லயத்துக்கு உண்மையான மருந்து பிந்தி வந்து சேர்ந்தது.

அவள் பெயரைப் பல முறை கேட்டிருக்கிறேன். அம்மாயிக்கு அவளுடைய சேலையின் நிறம்கூட நினைவிருந்தது, பெயர் இல்லை. "மருந்துக்காரி" என்றுதான் எல்லோரும் சொன்னார்களாம்.


மலையருவி எழுதியது:

சொல்லைப் பற்றிய ஐயத்துக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ஆன்டோவரில் நடக்கும் காட்சிகளுக்குச் 'சூனியக்காரி' என்ற சொல்லே பொருந்தும். நம்மில் கிறிஸ்தவர்களுக்கு அது வேதாகமத்திலிருந்து பழகிய சொல். "சூனியக்காரியை உயிரோடே வைக்கவேண்டாம்" என்ற யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்து வசனத்தைத்தான் மசசூசெட்ஸ் குடியேற்றத்தார் 1641இல் தங்கள் மரண தண்டனைச் சட்டத்துக்கு ஆதாரமாகக் காட்டினார்கள். நீதிபதியாக நடிக்கும் மாணவி அந்த ஒரு வரியைச் சொன்னால் போதும், நீண்ட விளக்கம் எதுவும் தேவைப்படாது.

லயத்தில் நடக்கும் காட்சிக்கு அது பொருந்தாது. தோட்டத்தில் சூனியம் என்பது ஒருவர் இன்னொருவருக்கு 'வைப்பது' அல்லது 'செய்வது'. தகடும் முட்டையும் எலுமிச்சம்பழமுமாக வாசலில் கிடப்பது. சிங்களத்தில் ஹூனியம் என்பதும் அதையே. பிறவியிலேயே தீய ஆற்றலைச் சுமந்து, சாத்தானோடு உடன்படிக்கை செய்துகொண்ட பெண் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் இல்லை. மேலே பெரியவர் சொன்ன 'மருந்துக்காரி' என்ற பெயரையே வைத்துக்கொள்ளுங்கள், டீச்சர். மருத்துவம் பார்ப்பவளையும் அதே சொல்லால் அழைக்கலாம் என்பதால் அந்த ஒரு பெயரே வசனத்தில் இரண்டு வேலை செய்யும்.


கொட்டகலை ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் நன்றி. இன்று வகுப்பில் அனைத்தையும் வாசித்துக் காட்டினேன். பெயர் மறந்துபோன அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டபோது வகுப்பே அமைதியாகிவிட்டது. ஆனாலும் நீதிமன்றக் காட்சியை விட மாணவிகளுக்கு மனம் வரவில்லை. துரையோ நீதவானோ அவளைத் தண்டித்திருக்க முடியாதா என்று கேட்கிறார்கள். நான் முடியாது என்றுதான் நினைக்கிறேன், உறுதிப்படுத்துவீர்களா?


ஏட்டுச்சுருள் எழுதியது:

சூனியத்துக்காகத் தண்டித்திருக்க முடியாது என்பது உறுதி. பிரித்தானியப் பாராளுமன்றமே 1735இல் பழைய சூனியக் குற்றச் சட்டங்களை நீக்கி, மந்திர ஆற்றல் இருப்பதாகப் பாசாங்கு செய்வதை மட்டும் குற்றமாக வைத்துக்கொண்டது. மலைநாட்டை உள்ளடக்கிய கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்கு வந்தது 1815இல். அதற்குள் எண்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையிலும் சூனியக்காரி என்றொரு குற்றவாளி கிடையாது. கங்காணி ஒருவேளை முறையிட்டிருந்தால் துரை சிரித்துவிட்டு அனுப்பியிருப்பார். அல்லது வேலை கெடுகிறது என்று எரிச்சலடைந்திருப்பார்.

இதை எழுதிவிட்டு, தொங்கல் காம்பரா ஐயா சொன்ன கதையை மறுபடியும் வாசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. அந்தக் குடும்பம் விடியுமுன் தோட்டத்தை விட்டுப் போயிருக்கிறது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழில் ஒப்பந்தச் சட்டப்படி, முன்னறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டு ஓடுவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஆக, மருந்து வைத்தாள் என்ற பேச்சுக்காக எந்த நீதவானும் அவளைத் தொட முடியாது. அந்தப் பேச்சைத் தாங்க மாட்டாமல் அவள் ஓடினால் பிடித்துவந்து கூண்டில் ஏற்றலாம். மாணவிகள் கேட்கும் நீதிமன்றக் காட்சி இதோ இருக்கிறது. துரை வழக்காளி, பெண் எதிராளி, குற்றச்சாட்டு தோட்டத்தை விட்டு ஓடியது. ஏன் ஓடினாய் என்று நீதவான் கேட்டால் அவள் என்ன பதில் சொல்வாள் என்பதை எழுத வேண்டியவர்கள் மாணவிகள்.


தொங்கல் காம்பரா எழுதியது:

தம்பி சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். அதோடு துண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடனைத் தீர்த்தால் இன்ன கங்காணியையும் அவருடைய ஆட்களையும் விடுவிப்பதாகத் தோட்டத்திலிருந்து எழுதிக்கொடுக்கும் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். 1921இல் சட்டம் அதை ஒழிக்கும் வரை, கடன்பட்ட ஆட்கள் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போவது அந்தச் சீட்டின் வழியாகத்தான். பற்று, அதாவது கணக்கேட்டில் எழுதிய கடன், யார் பேரில் இருக்கிறதோ அவருடைய பிடி விடாது. அண்டை வீட்டார் "போய்த் தொலை" என்பார்கள். கணக்கேடு "கடனைக் கொடுத்துவிட்டுப் போ" என்னும். அம்மாயி கதையில் வரும் மூவரும் எந்தத் தோட்டத்தில் போய்ச் சேர்ந்தார்கள், பிடிபட்டார்களா என்பது அவருக்குத் தெரியாது. பிடிபட்டிருந்தால் ஏதோ ஒரு நீதவான் மன்றத்தின் பதிவேட்டில், ஓடிப்போனவள் என்றாவது, அவள் பெயர் இருந்திருக்கும். பிடிபடாமல் இருந்திருக்க வேண்டும் என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன்.


கொட்டகலை ஆசிரியை எழுதியது:

ஐயா, உங்கள் பதிலை வாசித்ததும் ஒரு மாணவி சொன்ன யோசனையை ஏற்றுக்கொண்டோம். மேடையில் ஒரே கூண்டு. இரண்டு பெண்கள் மாறி மாறி ஏறுவார்கள். எழுத்தர் முதலாமவளை "எலிசபெத் ஜோன்சன்" என்று மூன்று முறை அழைப்பார். இரண்டாமவளை அழைக்கும்போது ஏட்டைப் புரட்டிவிட்டு, கங்காணியின் பெயரையும் பற்று எண்ணையும் வாசிப்பார். தீயை எடுத்துவிட்டோம். பிரட்டுக்களத்தையும் எடுத்துவிட்டோம், பீலிக்கரைக் காட்சி ஒன்று வருகிறது, அதில் வசனமே இல்லை, குடங்கள் மட்டுந்தான்.

இன்னும் ஓர் உதவி வேண்டும். மருந்தெடுப்பவர் வாந்தியெடுக்க வைக்கும்போது வாயால் எதையாவது சொல்வாரா, அல்லது பேசாமல் செய்வாரா? அந்த வேடத்தை ஏற்றிருக்கும் பிள்ளை ஒரு வாரமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.


தொங்கல் காம்பரா எழுதியது:

நான் பார்த்த ஒருவர் வாய்க்குள் முணுமுணுப்பார். வெளியே எதுவும் கேட்காது. முடிந்ததும் உள்ளங்கையை விரித்து உருண்டையைக் காட்டுவார், சுற்றி நிற்பவர்கள் பேசிக்கொள்வார்கள். பிள்ளையை வலது கையை மூடியே வைத்திருக்கச் சொல்லுங்கள் அம்மா, தொடக்கத்திலிருந்தே.